அடிமனைக்காரர்

எங்கள் வீட்டு கேட் பகலில் பூட்டிக் கிடந்ததே இல்லை. கீரைக்காரம்மா, கேபிள்காரர், சிலிண்டர் கொண்டுவருகிற பையன் எல்லாரும் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிடுவார்கள். பக்கத்து வீட்டு அண்ணன் மட்டும் வெளியே நின்று கொக்கியை மெல்ல ஆட்டிவிட்டுக் காத்திருப்பார். வெயிலானாலும் தூறலானாலும் அப்படித்தான். நான் எட்டிப் பார்த்து, "வாங்கண்ணே, தெறந்துதானே இருக்கு" என்று சொன்ன பிறகுதான் கால் உள்ளே வரும். வந்ததும், "ஒரு உத்தரவு வேணும் தங்கச்சி" என்று ஆரம்பிப்பார்.

பெரிதாக ஒன்றும் இருக்காது. சுவர் தாண்டி எங்கள் பக்கம் விழுந்துவிட்ட ஸ்பேனரை எடுத்துக்கொள்ள வேண்டும். இன்றைக்குப் பட்டறையில் சுத்தியல் சத்தம் கொஞ்சம் கூடுதலாக இருக்கும், பரவாயில்லையா. ஒருமுறை எங்கள் செம்பருத்தி சுவருக்கு மேலாக அவர் பக்கம் சாய்ந்து பூத்திருந்தது. அதில் ஒரு பூவைத் தன் மனைவி சாமிக்குப் பறித்துக்கொள்ளலாமா என்று கேட்க அவ்வளவு தூரம் சுற்றிக்கொண்டு வந்தார். அவர் வாசலில் தலைக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்த பூ அது.

தெருவில் அவருக்குப் பெயரே உத்தரவு. கிளம்பும்போது 'உத்தரவு வாங்கிக்கிறேன்' என்று சொல்கிறவர்கள் எங்கள் பக்கத்தில் நிறையப் பேர் உண்டு. சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டிவிடுவார்கள். இவர் நாம் 'சரி' என்று சொல்லும்வரை நிற்பார். என் கணவர் அப்போதே மஸ்கட்டில் இருந்தார். வெள்ளிக்கிழமைகளில் போன் வரும். ஒருநாள் எங்கள் போர் மோட்டாருக்கு என்ன கோளாறு என்று அண்ணனையே சொல்லச் சொல்லி ரிசீவரைக் கொடுத்தேன். பேசி முடித்து, "அப்ப உத்தரவு வாங்கிக்கிறேன் தம்பி" என்றார். லைன் அந்தப் பக்கம் அறுந்துபோயிருந்தது. பதில் வரவில்லை. ரிசீவரைக் காதில் வைத்தபடி நின்றுகொண்டே இருந்தார். நான்தான் வாங்கிக் கீழே வைத்தேன். அவர் போன பிறகு நானும் என் மகளும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

எரிந்துபோன மோட்டாருக்குக் காயில் கட்டுவது அவர் தொழில். எங்கள் மேற்குச் சுவரை ஒட்டி அவருடைய பக்கத்தில் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம் நின்றது. அதன் அடியில் தகரம் போட்டு, செம்புக் கம்பிச் சுருள்களுக்கு நடுவே உட்கார்ந்திருப்பார். மரத்தின் பாதி அவர் ஓட்டு வீட்டின் மேல், பாதி எங்கள் மொட்டைமாடியின் மேல். மாலையில் இலை மூடிக்கொண்டதும் இரண்டு வீட்டுக்கும் ஒரே சமயத்தில் வானம் தெரியும்.

சுற்றுக் கிராமங்களிலிருந்து டிவிஎஸ் வண்டியில் மோட்டாரைக் கட்டிக்கொண்டு வருவார்கள். வேலை சுத்தம். ஆனால் மோட்டாருக்குச் சொந்தக்காரர் நேரில் வந்து சொல்லாமல் ஒரு திருகாணியைக்கூடக் கழற்ற மாட்டார். ஒரு குறுவைச் சமயம், ஒரத்தநாட்டுப் பக்கத்திலிருந்து ஒருவர் தன் வேலையாள் மூலம் மோட்டாரை அனுப்பிவிட்டுக் கல்யாணத்துக்கு வெளியூர் போய்விட்டார். போனில் பிடிக்க முடியவில்லை. வேலையாள் கெஞ்சினார். இவர், அவரு ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று மோட்டாரைத் தொடாமல் வைத்திருந்தார். அதற்குள் நாற்றங்கால் தண்ணீரில்லாமல் வெளுத்துவிட்டது. கல்யாணத்திலிருந்து திரும்பிய சொந்தக்காரர் நடுத்தெருவில் நின்று கத்தினார். இவர் கையைக் கட்டிக்கொண்டு தலைகுனிந்து கேட்டுக்கொண்டார். எனக்கு அன்றைக்கு அவர் மேல் எரிச்சல்தான் வந்தது. ஒரு மனிதருடைய பயிர் காய்கிறதைவிடவா இவருக்கு அந்த ஒரு வார்த்தை பெரிது?

அதை அண்ணன் மனைவியிடமே கேட்டேன். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அக்கா என்னை வா, போ என்று பேசுவார். அம்மியில் எதையோ அரைத்துக்கொண்டே சொன்னார்.

"நீ பட்டா எடத்துல பொறந்து பட்டா எடத்துல வாக்கப்பட்டவ. உனக்குப் புரியாது. நான் கல்யாணமாயி வந்த புதுசுல எனக்குன்னு கொல்லையில ஒரு குளிக்கிற ரூம் கட்டுனாரு. கேக்காம கட்டுனாரு. கோயில் ஆபீஸ்லேருந்து வந்து, நீயே இடின்னுட்டாங்க. கடப்பாரைய எடுத்து அவரேதான் இடிச்சாரு. தெருவே பாத்துச்சு. அதுலேருந்து இப்படித்தான்."

எங்கள் வீட்டோடு பட்டா நிலம் முடிகிறது. எங்கள் மேற்குச் சுவருக்கு அந்தப் பக்கம் தொடங்கித் தெருக்கோடிவரை கோயில் மனை. அங்கே வீடு கட்டியிருப்பவர்களுக்கு அடிமனைக்காரர்கள் என்று பேர். ஓடும் சுவரும் அவர்களுடையது. மண் கோயிலுடையது. வருஷத்துக்கு ஒருமுறை மண்ணுக்கு வாடகை கட்டுவார்கள். அந்த மண்ணில் முளைத்த மரமும் கோயிலுடையதுதான். அந்த மரத்தை நட்டதே அண்ணனுடைய அப்பா என்பது அந்தக் கணக்கில் வராது.

இதெல்லாம் எனக்கு விவரமாகத் தெரியவந்தது நாங்கள் மாடி கட்டத் தொடங்கியபோது. என் கணவர் அடுத்த வருஷம் ஊரோடு வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். அவருக்கென்று மேற்குப் பார்த்து ஜன்னல் வைத்து மாடியில் ஓர் அறை. நான்தான் முன்னால் நின்று எல்லாம் பார்த்தேன். கொத்தனார் முதல் நாளே மேலே கை காட்டினார். நம் பக்கம் வந்திருக்கிற கிளைகளை எடுக்காமல் தளம் போட முடியாது என்றார். நான் நகராட்சி ஆபீஸுக்குப் போய்க் கேட்டேன். அங்கிருந்தவர் மனை வரைபடத்தைப் பார்த்துவிட்டுத் தெளிவாகச் சொன்னார்.

"ஒங்க பட்டா எல்லைக்குள்ள தொங்குறத நீங்க கழிச்சுக்கலாம்மா. அதுக்கு யாரையும் கேக்க வேண்டியதில்ல. அடிமரம் அந்தப் பக்கம் இருக்கு பாருங்க, அதத் தொட்டீங்கன்னாதான் சிக்கல். அது கோயில் சொத்து."

அந்தப் பக்கத்துக் கிளைகளை யார் கழிப்பார்கள் என்று நான் கேட்கவில்லை. எனக்கு அது தேவைப்படவில்லை.

அன்று சாயங்காலம் கொக்கி ஆடியது. வழக்கம்போல உத்தரவு கேட்டு ஆரம்பிக்கவில்லை. கொஞ்ச நேரம் மரத்தையே பார்த்தார்.

"எல்லாத்தையும் எடுக்கப் போறீங்களா தங்கச்சி? அடியில போற அந்த ஒரு கெளைய மட்டும் விட்டா நல்லது. இல்லாட்டி பாரம் பூரா என் பக்கம் நின்னுடும்."

இன்ஜினியரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கேட்கவும் செய்தேன். கிளையை விடலாம், ஆனால் அறையை உள்ளே இழுக்க வேண்டும், கட்டில் போட்டால் பீரோவுக்கு இடமிருக்காது என்றார் அவர். அதை அப்படியே அண்ணனிடம் சொன்னேன். எதையும் மறைக்கவில்லை. அவர் தலையாட்டினார்.

"தம்பி வந்து இருக்கப்போற ரூமு. சின்னதா இருந்தா நல்லாருக்காது."

கிளை கழித்த நாளில் கயிறு பிடித்தவர்களில் அவரும் ஒருவர். ஒவ்வொரு கிளையும் சுவரில் மோதாமல், எங்கள் தண்ணீர்த் தொட்டியில் படாமல், கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு பின்னால் சாய்ந்து சாய்ந்து இறக்கினார். கடைசியாக இறங்கியது அவர் கேட்ட கிளை. மத்தியானம் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் சாம்பார் சாதம் போட்டேன். அவரும் சாப்பிட்டார். நிமிர்ந்து பார்த்தால் மரம் முழுக்க ஒரு பக்கமாகவே நின்றது. நான் பார்த்தேன். கொத்தனார் பார்த்தார். எழுந்து கை கழுவப் போனோம்.

மறுநாளே அண்ணன் கோயில் ஆபீஸுக்கு மனு எழுதிக்கொண்டு போனார். அவர் வீட்டுப் பக்கத்துக் கிளைகளையும் கழித்துப் பாரத்தைச் சமப்படுத்த வேண்டும், அவ்வளவுதான். அதிகாரி பல கோயில்களைப் பார்ப்பவர், இங்கே வருகிற நாள் தெரியாது. வந்தபோது, இது கிளை கழிப்பதா மரம் எடுப்பதா என்று கேள்வி வந்தது. மரம் சாய்ந்திருப்பதால் மரமே எடுப்பதுதான் சரி என்றார்கள். அப்படியென்றால் வருவாய்த் துறை பார்வையிட வேண்டும். வனத்துறையிலிருந்து வந்து மரத்துக்கு மதிப்புப் போட வேண்டும். பிறகு ஏலம். அதன்பிறகுதான் கத்தி வைக்கலாம். சித்திரையில் தொடங்கியது. ஆடிப்பெருக்கு போயிற்று, ஆவணி போயிற்று. அவர் சட்டையை மாட்டிக்கொண்டு குடையோடு போவார், வருவார்.

ஒருநாள் நானே சொன்னேன். "ரெண்டு கெளைதானேண்ணே. ஒரு ஞாயித்துக்கெழம பாத்து வெட்டிப் போட்டுடுங்க. யாரு கேக்கப் போறா?"

"ஒங்கள யாரும் கேக்க மாட்டாங்க தங்கச்சி. என்னயக் கேப்பாங்க."

அவர் சொன்னதில் குத்தல் எதுவும் இல்லை. ஐந்தரை மணிக்குப் பஸ் இருக்கிறது என்று சொல்வதைப் போலத்தான் சொன்னார். பிறகு தயங்கித் தயங்கி, தம்பியோடு படித்தவர் ஒருவர் தாலுகா ஆபீஸில் இருக்கிறாரே, அவரிடம் தம்பியைவிட்டு ஒரு வார்த்தை சொல்லச் சொல்ல முடியுமா என்று கேட்டார். கண்டிப்பாகச் சொல்கிறேன் என்றேன். அந்த வெள்ளிக்கிழமை போனில் டைல்ஸ் பற்றிப் பேசினோம். அதற்கடுத்த வெள்ளிக்கிழமை கதவுக்குத் தேக்கா வேம்பா என்று பேசினோம். அண்ணன் திரும்பக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு ஞாபகம் வந்திருக்கும்.

ஐப்பசியில் மழை பிடித்தது. வயலெல்லாம் வெள்ளக்காடு. எங்கள் வீட்டில் தளம் போட்டாகிவிட்டது. வெளிவேலை நின்றுபோய், ஆட்கள் மாடி அறைக்குள் உட்கார்ந்து பூச்சுவேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிற்பகல். நான் மேலே நின்று ஸ்விட்ச் எங்கே வர வேண்டும் என்று எலக்ட்ரீஷியனிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். காற்று வடகிழக்கிலிருந்து அடித்தது. பெரிய சத்தம் என்று சொல்ல முடியாது. ஊறிய மண்ணிலிருந்து வேர்கள் ஒவ்வொன்றாக விடுபடுகிற சத்தம்தான் முதலில் கேட்டது. பிறகு ஓடுகள் நொறுங்கின. ஜன்னலுக்கு வைத்திருந்த திறப்பில் சட்டென்று வெளிச்சம் வந்தது.

ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். அப்போது வாசல் பக்கம் நின்ற ஓர் ஆள் சொன்னார், "அம்மா, அவரு கேட்டுல நிக்கிறாரு."

நான் இறங்கி ஓடினேன். கேட் பாதி திறந்திருந்தது. அவர் வெளியே நின்றுகொண்டிருந்தார். மழை தலையிலிருந்து வழிந்துகொண்டிருந்தது. கை கொக்கியின் மேல் இருந்தது.

"தங்கச்சி, ஆளுங்கள கொஞ்சம் அனுப்ப முடியுமா? அவ உள்ள இருக்கா."

எவ்வளவு நேரமாக அங்கே நின்றார் என்று எனக்குத் தெரியாது. அவரை நான் கேட்டதில்லை. கொக்கியை ஆட்டியிருப்பார். மழையிலும் காற்றிலும் மேலே யாருக்கும் கேட்டிருக்காது.

அக்கா சமையல்கட்டில் உத்தரத்துக்கும் ஒரு கிளைக்கும் நடுவே கிடந்தார். நினைவு இருந்தது. இடுப்புக்குக் கீழே கிளை அழுத்திக்கொண்டிருந்தது. சென்ட்ரிங் ஆள் ஒருவர் ரம்பம் கொண்டுவந்தார். கிளையில் வைக்கப்போனவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோயில் மரம், பின்னால் கேள்வி வரும் என்று அவருக்கும் தெரிந்திருந்தது. நான் அண்ணனைப் பார்த்தேன். அண்ணன்தான், "அறு" என்றார். அந்த ஆள் இன்னும் தயங்கியதும் ரம்பத்தைப் பிடுங்கி அவரே அறுக்கத் தொடங்கினார். உள்ளங்கை கிழிந்து ரத்தம் வந்தது. அவர் நிறுத்தவில்லை.

தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரியில் அக்காவுக்கு இடுப்பெலும்பில் கம்பி வைத்தார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை. ஒரு கால் குட்டையாகிவிட்டது.

மழை விட்டதும் அதிகாரிகள் வந்தார்கள். மரம் ஏன் அந்தப் பக்கமாக விழுந்தது என்று பார்த்தார்கள். எங்கள் பக்கத்தில் கிளைகள் வெட்டப்பட்ட தழும்புகளைப் பார்த்து யார் கழித்தது என்று கேட்டார்கள். நான் என்று சொன்னேன். வரைபடத்தை விரித்து, சங்கிலி பிடித்து அளந்தார்கள். பட்டாதாரர் தன் எல்லைக்குள்தான் கழித்திருக்கிறார், அவர்மேல் தவறில்லை என்று ஒருவர் எழுதுகிறவருக்குச் சொன்னார். அதைக் கேட்டதும் எனக்கு மூச்சு சீராக வந்தது. அந்த நிம்மதியை நினைக்கும்போதுதான் இப்போதும் உடம்பு கூசுகிறது. ஏனென்றால் அண்ணன் பக்கத்தில்தான் நின்றார். அவரிடம் அடுத்த கேள்வி கேட்கப்பட்டது, விழுந்த மரத்தை அனுமதி இல்லாமல் அறுத்தது யார்? நான்தான் என்றார் அவரும். அவருக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது.

அந்தக் கடிதத்தால் பெரிய கேடு எதுவும் வரவில்லை. பதில் எழுதிக் கொடுத்தார், அதோடு நின்றுவிட்டது. ஆனால் வீட்டைத் திரும்பக் கட்ட உத்தரவு வேண்டும். பழைய வீடு விழுந்துவிட்டதால் அது புதுக் கட்டுமானம். அதற்கு வேறு மனு, வேறு ஆபீஸ். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அக்காவை வைத்துக்கொள்ளக் கூரை இல்லை. எங்கள் வீட்டுக் கீழ் அறையில் இருக்கச் சொன்னேன். அக்கா ஒரே வார்த்தையில் வேண்டாம் என்றுவிட்டார். திருத்துறைப்பூண்டியில் அக்காவின் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஒரு மினி லாரியில் பாதிதான் நிறைந்தது. செம்புக் கம்பிச் சுருள்களை அண்ணன் மடியில் வைத்துக்கொண்டார்.

தை மாதம் எங்கள் மாடிக்குப் புதுமனை பூஜை. வரமாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேதான் பத்திரிகை அனுப்பினேன். அண்ணன் மட்டும் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை. பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார். மாடிக்கு அழைத்துப் போனேன். அறைக்குள் வராமல் நிலைப்படியில் நின்று பார்த்தார். மேற்கு ஜன்னலில் வெறும் வானம்.

"நல்ல வெளிச்சம் தங்கச்சி" என்றார்.

இறங்கி வந்து, கிளம்புகிறேன் என்றார். நான் வேகமாகத் தலையாட்டிவிட்டேன். அவர் சீக்கிரம் போய்விட வேண்டும் என்று எனக்கு இருந்தது. விருந்தாளிகள் ஒவ்வொருவரும் அந்த ஜன்னலுக்குப் போய்க் கீழே கிடந்த ஓட்டுச் சில்லையும் வேர் பிடுங்கிய பள்ளத்தையும் பார்த்துவிட்டு, அது யார் வீடு என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. அங்கேயும் காயில் கட்டுகிறார் என்று கொத்தனார் சொல்வார். என் கணவர் அடுத்த வருஷம் வரவில்லை. ஒப்பந்தத்தைப் புதுப்பித்துக்கொண்டார். அப்புறமும் புதுப்பித்தார். மகள் படித்து முடித்துச் சென்னைக்குப் போய்விட்டாள்.

போன வருஷம் கொத்தனார்தான் வந்து சொன்னார். அண்ணனுக்கு மாரடைப்பு, பதினாறாம் நாள் காரியமும் முடிந்துவிட்டதாம். எனக்கு யாரும் சொல்லியனுப்பவில்லை. மறுநாள் பஸ் ஏறித் திருத்துறைப்பூண்டிக்குப் போனேன். ரயில்வே கேட்டைத் தாண்டி ஒரு சந்து. அக்கா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தலை பூராவும் நரைத்துவிட்டது. மடியில் ஒரு முறம், அதில் உளுந்து.

"வாங்க" என்றார். "உக்காருங்க."

வா, போ என்று பேசிய வாய். நான் எதிரே இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். எப்படிப் போனார் என்று கேட்டேன். சொன்னார். பெரிதாகக் கஷ்டப்படவில்லை என்றார். மகள் என்ன செய்கிறாள், கல்யாணம் பார்க்கிறீர்களா என்று கேட்டார். சொன்னேன். அண்ணன் எங்களைப் பற்றி ஏதாவது பேசுவாரா என்று நான் கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டேன்.

"பேசுவாரு. நல்ல மாதிரியாத்தான் பேசுவாரு. ஒங்க மேல அவருக்குக் கோவமே கெடையாது." உளுந்திலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கித் தரையில் போட்டார். "எனக்குத்தான் இருந்துச்சு. இப்பவும் இருக்கு."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். மன்னித்துவிடுங்கள் என்று சொல்லலாம் என்று பஸ்ஸில் வரும்போதே நினைத்திருந்தேன். நான் செய்தது தவறில்லை என்று அதிகாரிகளே எழுதி முடித்துவிட்ட ஒன்றுக்கு எந்த வார்த்தையில் மன்னிப்புக் கேட்பது என்று தெரியவில்லை.

"அந்த மாடி ரூம்ல யாரு படுக்குறா இப்ப?" என்று அக்கா கேட்டார்.

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியது.

"யாரும் இல்லக்கா. அவரு லீவுக்கு வந்தாலும் கீழதான் படுக்குறாரு. சாயங்கால வெயில் நேரா அடிக்குதுன்னு மேல போறதே இல்ல. மழைக்காலத்துல துணி காயப்போடுவேன்."

அக்கா கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். பிறகு முறத்தைக் கீழே வைத்துவிட்டு, சுவரோரம் சாத்தியிருந்த தடியை எடுத்து ஊன்றி எழுந்தார். காபி போடுகிறேன் என்று உள்பக்கம் திரும்பினார். ஒரு கால் தரையில் படும்போது உடம்பு மொத்தமும் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது.

"நீங்க இருங்கக்கா, நான் போடறேன்" என்று எழுந்தேன்.

"உக்காருங்க" என்றார், திரும்பிப் பார்க்காமல்.

நான் உட்கார்ந்தேன்.